ஏடிஎச்டி பெண்கள் குரூப்லயும் எனக்கு ஒட்டல, வேற யாருக்காவது இப்படி ஆகுதா?

பாதிநூல் எழுதியது:

வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், முதல் தடவை எழுதறேன், நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முப்பத்தஞ்சு தாண்டின பிறகுதான் எனக்கு ஏடிஎச்டினு டாக்டர் சொன்னாங்க, அதாவது கவனத்தயும் துறுதுறுப்பயும் கட்டுப்படுத்தறது கஷ்டமா இருக்கற மூளை அமைப்பு. அதுக்கு முன்னாடி பல வருஷம் ஆன்சைட்டிக்கு மாத்திரை. டயக்னோசிஸ் வந்தப்ப அழுதேன், அது நிம்மதியில வந்த அழுகை. சோம்பேறி, பொறுப்பில்லாதவ, திமிர் புடிச்சவ, கூப்பிட்டா காது கேக்காதவனு சின்ன வயசுலேர்ந்து வாங்கின பட்டமெல்லாம் ஒரே நாள்ல செல்லாம போச்சே.

உடனே நெட்ல தேடி ஏடிஎச்டி இருக்கற பெண்களுக்குனே இருக்கற ஒரு பெரிய குரூப்ல சேர்ந்தேன். முதல் வாரம் தூக்கமே இல்ல, பழைய போஸ்ட்டெல்லாம் விடிய விடிய படிச்சேன். துவைச்ச துணிய மெஷின்லயே மறந்துட்டு நாத்தம் வந்த பிறகு மறுபடி துவைக்கறவங்க, எதிர்ல இருக்கறவங்க வாய் அசையறது தெரியும் ஆனா வார்த்தை உள்ள இறங்காதுங்கறவங்க, கிளம்பணும்னு ஒரு மணி நேரம் முன்னாடியே ரெடியாகி உட்கார்ந்து கடைசில லேட்டா போறவங்க... ஐயோ இது நான்தானேனு ஒவ்வொண்ணுக்கும் தோணிச்சு. அப்பாடா வந்து சேர்ந்துட்டோம்டானு நினைச்சேன்.

அப்புறம் என்னமோ ஆச்சு. ரொம்ப யோசிச்சு ஒரு போஸ்ட் போட்டேன், யாரும் கண்டுக்கல. அதுக்கே நாள் முழுக்க நெஞ்சு கனத்துப் போச்சு. அதோட அங்க எல்லாரும் சூப்பர் பவர், படைப்பாளி மூளை, நாம எல்லாம் வேற லெவல்னு பேசுவாங்க. எனக்கு அப்படி ஒரு பவரும் இல்லைங்க, பணம் கையில இருக்கும்போதே கரண்ட் பில் கட்ட மறந்து அபராதம் கட்டறவ நான். மெல்ல நோட்டிஃபிகேஷன மியூட் பண்ணேன். இப்ப திறக்கவே கூச்சமா இருக்கு, இவ்வளவு நாள் காணாம போயிட்டு எந்த முகத்த வச்சுட்டு உள்ள போறதுனு.

பழைய ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் இதே கதைதான். மெசேஜ் வரும், படிப்பேன், மனசுக்குள்ளயே அழகா பதில் சொல்லிடுவேன், அனுப்பிட்டதாவே மூளை கணக்கு எழுதிக்கும். எப்பவோ திரும்ப திறந்தா "ஏய் சூப்பர்டி, நான் இத பத்தி உன்கிட்ட" வரைக்கும் டைப் பண்ணது அப்படியே கட்டத்துக்குள்ள கிடக்கும். அதுக்கு மேல அனுப்ப வெட்கம், அனுப்பாம விட்டா இன்னும் வெட்கம்.

என்னை மாதிரி மூளை இருக்கறவங்க கூட்டத்துலயே ஒட்ட முடியலனா வேற எங்கதான் ஒட்டறது? இது ஏடிஎச்டியா இல்ல நானே இப்படித்தானா? உங்களுக்கெல்லாம் இது நம்ம இடம்னு எங்க தோணிச்சு?

---

ஆந்தை அக்கா எழுதியது:

தங்கச்சி, உன் போஸ்ட்ட படிச்சு சிரிச்சேன், அப்புறம் கண்ணு கலங்கிடுச்சு. பாதி டைப் பண்ண மெசேஜ் என் போன்லயும் வண்டி வண்டியா இருக்கு.

முதல் வாரம் உனக்கு அங்க கிடைச்சது "இது நான்தானே"ங்கற அடையாளம், உறவு இல்ல. நீ ஆயிரம் பேர படிச்சுட்ட, உன்ன அங்க ஒருத்தருக்கும் தெரியாது. உறவுங்கறது ஒரே ஆள்கிட்ட திரும்பத் திரும்ப போறதுலதான் வரும், நம்மாளுங்களுக்கு திரும்பப் போறதுதான் வராது, புதுசு தீர்ந்ததும் மூளை வேற பக்கம் ஓடிடும். அதனால அந்த குரூப் ஒட்டலங்கறத வச்சு உன்ன நீயே எடை போடாத.

எனக்கு இப்ப 48. என் பொண்ணுக்கு டெஸ்ட் பண்ண கூட்டிட்டுப் போனேன், டாக்டர் கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குள்ளயே ஆமா ஆமானு ஓடிட்டிருக்கு. இது குடும்பத்துல ஓடற விஷயம், இரட்டையர்கள வச்சு பண்ண ஆராய்ச்சியெல்லாம் எழுபதுலேர்ந்து எண்பது சதவீதம் மரபணுதான்னு சொல்லுது. எனக்கு அது லேட்டாவாவது புரிஞ்சதுக்கு இன்னொரு காரணம், நாற்பதுகளோட நடுவுல திடீர்னு எல்லாம் மோசமாச்சு. பீரியட்ஸ் நிக்கப் போற வயசுல ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் இறங்கும்போது, கவனத்துக்கு உதவற டோபமைன்ங்கற மூளை ரசாயனம் வேலை செய்யறதும் கூடவே மந்தமாகும், ஏடிஎச்டி இருக்கறவங்களுக்கு ஏற்கனவே இடிக்கற இடம் அதுதானே. அதே இறக்கம் மாசாமாசம் பீரியட்ஸுக்கு முந்தின வாரமும் வரும். அதனால உனக்கு ஒண்ணு சொல்றேன், அந்த வாரத்துல எந்த குரூப்ப விட்டும் வெளிய வராத, யாரோடயும் உறவே வேண்டாம்னு முடிவு எடுக்காத. எடுத்தா நாலு நாள் கழிச்சு நீயே தேடுவ.

எனக்கு இது என் இடம்னு தோணினது ரெண்டே பேர்கிட்ட. மூணு பேருக்கும் ஏடிஎச்டி. நாங்க எழுதறதில்ல, வாய்ஸ் நோட்தான். நடந்துட்டே, துணி மடிச்சுட்டே பேசி அனுப்புவோம். ஒரே ஒரு சட்டம்: "ஸாரிடி லேட்டா ரிப்ளை பண்றேன்"னு ஆரம்பிக்கக் கூடாது. நேரா விஷயத்துக்கு வரணும். ஒருத்தி மாசக்கணக்கா காணாம போயி "ஆங், அந்த பல் டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா"னு நேத்து விட்ட இடத்துலேர்ந்து பேசறா மாதிரி வருவா, நாங்களும் கேப்போம். அந்த மன்னிப்ப எடுத்ததும் திரும்பி வர்றது சுலபமாயிடுச்சு, அவ்வளவுதான் எங்க ரகசியம்.

---

கேள்விக்குறி எழுதியது:

சூப்பர் பவர் பேச்சு எனக்கும் அலர்ஜி. யாருக்காவது அது தெம்பு குடுக்குதுனா குடுக்கட்டும், ஆனா வேலை போன வாரத்துல வந்து நீங்க ஸ்பெஷல்னு சொன்னா கடுப்பாகும். நான் அந்த மாதிரி குரூப்ல மூணு பேர் எழுதறத மட்டும் ஃபாலோ பண்ணிட்டு மீதிய விட்டுட்டேன். முழு குரூப்பும் பிடிக்கணும்னு கட்டாயமா என்ன.

---

மெல்லப் பேசுபவள் எழுதியது:

நான் கவுன்சிலிங்ல இருக்கேன், எனக்கும் ஏடிஎச்டி உண்டு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சொல்றேன்.

"இது ஏடிஎச்டியா நானா"னு கேட்டீங்க. அந்த கேள்வியே ஏன் இவ்வளவு பெண்களுக்கு வருதுனா, இந்த விஷயத்த ஆரம்பத்துலேர்ந்து பையன்கள வச்சே வரைஞ்சுட்டாங்க. 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கற குழந்தை மருத்துவர் இத பத்தி சொற்பொழிவு ஆற்றினப்பவே அவர் விவரிச்ச குழந்தைகள்ல பையன்கள்தான் அதிகம். பெஞ்சு மேல ஏறி குதிக்கறவன் டீச்சர் கண்ணுல படுவான், ஜன்னல் ஓரமா உட்கார்ந்து வெளிய பார்த்துட்டிருக்கற பொண்ணு யாருக்கும் தொல்லை குடுக்கல, அவள யாரு டாக்டர்கிட்ட அனுப்புவா. துறுதுறுப்பு இல்லாமலே கவனக்குறைவு மட்டும் இருக்கலாம்ங்கறதே 1980ல வந்த டிஎஸ்எம், அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்கள வரையறுக்கற கையேட்டோட மூணாம் பதிப்புலதான் தனியா இடம் பிடிச்சது. அறிகுறி ஏழு வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு இருந்த விதிய 2013ல அஞ்சாம் பதிப்பு பன்னிரண்டு வயசுனு தளர்த்துச்சு, பதினேழு வயசு ஆயிட்டா ஆறுக்கு பதிலா அஞ்சு அறிகுறி போதும்னும் ஆச்சு. சின்ன வயசுல ஒரு பொண்ணுக்கு ரெண்டு மூணு பையன்னு டயக்னோஸ் ஆகறது பெரியவங்க ஆனதும் கிட்டத்தட்ட சமமாயிடுது. பெண்கள் திடீர்னு அதிகமாகல, அப்பதான் வந்து சேர்றாங்க.

இப்ப ஒட்டறது பத்தி. கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஸ்டீபன் ஹின்ஷா குழு 1990களோட கடைசில 140 ஏடிஎச்டி சிறுமிகளையும் ஏடிஎச்டி இல்லாத 88 பேரையும் கோடை முகாம்ல ஒண்ணா வச்சு பார்த்தாங்க, அப்புறம் அவங்க பெரியவங்க ஆகற வரைக்கும் தொடர்ந்தாங்க. ஏடிஎச்டி இருந்த பிள்ளைகள மத்த பிள்ளைகள் ஒதுக்கறது அங்கேயே தெரிஞ்சது. வளர்ந்த பிறகு அவங்கள்ல தன்னையே காயப்படுத்திக்கறதும் அதிகமா இருந்துச்சு. அதனால இத பொண்ணுங்க சிணுங்கல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

என் கருத்து ஒண்ணு, இது எந்த புத்தகத்துலயும் படிச்சது இல்ல. பெண்களோட நட்புல ஞாபகம்தான் பணம். பிறந்தநாள், போன வாரம் சொன்ன மாமியார் சண்டை, குழந்தைக்கு காய்ச்சல் விட்டுச்சானு விசாரிக்கறது. இத செலவழிக்கறவதான் நல்ல ஃப்ரெண்டு. நமக்கோ வொர்க்கிங் மெமரி, அதாவது இப்ப வேணுங்கறத மனசுல பிடிச்சு வச்சுக்கற ஞாபகம்தான் முதல்ல கைவிடும். பையன் மறந்தா "அவன் அப்படித்தான்டா"னு தோள்ல தட்டிட்டுப் போவாங்க, பொண்ணு மறந்தா அக்கறையே இல்லாதவ. நீங்க அன்பு குறைஞ்சு மறக்கல, ஆனா வெளிய அது அப்படித்தான் தெரியும், அதுதான் கொடுமை.

போஸ்ட்ட கண்டுக்காததுக்கு நெஞ்சு கனத்தது பத்தியும் சொல்லிடறேன். வில்லியம் டாட்சன்ங்கற மனநல மருத்துவர் பரப்பின ரிஜெக்‌ஷன் சென்சிட்டிவ் டிஸ்ஃபோரியா, அதாவது ஒதுக்கிட்டாங்கனு தோணினாலே தாங்க முடியாம வலிக்கறதுங்கற பேர நீங்க குரூப்ல பார்த்திருப்பீங்க. அது டிஎஸ்எம்ல இருக்கற நோய் இல்ல. பேர் இருந்தாலும் இல்லாட்டியும் வலி நிஜம்தான், சின்ன வயசுலேர்ந்து திட்டு வாங்கியே வளர்ந்தவங்களுக்கு மௌனமும் திட்டாத்தான் கேக்கும். கூடவே ஆட்டிசமும் இருக்கானு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்து இருக்கறது அபூர்வம் இல்ல, 2013க்கு முன்னாடி ரெண்டையும் ஒருத்தருக்கே எழுத டிஎஸ்எம் விதி இடம் குடுக்கல, அதனால பழைய ரிப்போர்ட் இருந்தாலும் நம்பி இருந்துடாதீங்க.

---

பாதிநூல் எழுதியது:

"ஞாபகம்தான் பணம்"... இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டேன், எங்க வச்சேன்னு மறக்கறதுக்குள்ள என் வீட்டுக்காரருக்கும் அனுப்பிட்டேன். அக்கா, எனக்கு வாய்ஸ் நோட் கேக்கறது கஷ்டம், பாதில மனசு எங்கயோ போயிடும். எழுத்துலயும் முடியல பேச்சுலயும் முடியலனா என்னதான் பண்றது சொல்லுங்க.

---

திரைக்குப் பின் எழுதியது:

நான் கொஞ்சம் மாத்தி சொல்லப் போறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. பேசறதுக்குனே கூடற இடம் எனக்கு என்னைக்குமே சரிப்பட்டு வரல. ஏடிஎச்டி குரூப்புக்கும் போயிருக்கேன், சுத்தி உட்கார்ந்து அவங்கவங்க கஷ்டத்த சொல்லுவாங்க, எனக்கு மூணாவது ஆள் பேசும்போதே கால் ஆட ஆரம்பிச்சுடும்.

எனக்கு இடம் கிடைச்சது ஒரு நாடகக் குழுவுல, மேடை மேல இல்ல, பின்னாடி. பொருள் எடுத்துக் குடுக்கற வேலை. அங்க ஒரு நீள மேஜை இருக்கும், மேல வெள்ளைத்தாள் விரிச்சு ஒட்டி, டேப்பால கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் மார்க்கர்ல எழுதியிருப்பாங்க: கடிதம், உடைஞ்ச கண்ணாடி, ரெண்டாம் காட்சி விளக்கு. பொருள எடுத்தா கட்டம் காலியா தெரியும், அது மேடைல இருக்குனு அர்த்தம். திரும்ப வந்ததும் அதே கட்டத்துல வைக்கணும். நான் முதல் தடவை அத பார்த்துட்டு அப்படியே நின்னுட்டேங்க. எனக்காக பண்ணது இல்ல அது, எந்த மேடைக்குப் பின்னாடி போனாலும் இப்படித்தான் இருக்கும், ஏன்னா இருட்டுல அவசரத்துல யாரோட ஞாபகத்தயும் நம்பக் கூடாதுனு அவங்களுக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க எனக்கு மட்டும் தேவைப்பட்டு நான் ஒளிச்சு ஒளிச்சு பண்ணிட்டிருந்த விஷயம், அங்க எல்லாருக்கும் விதி.

இன்னொண்ணு, நேரம் வெளியிலேர்ந்து வருது. மணி அடிச்சா திரை தூக்கியாகணும், தள்ளிப்போட வழியே இல்ல. நெருக்கடில நமக்கு மூளை பளிச்சுனு வேலை செய்யும்ல, அது அங்க குறையா தெரியாது. கூட இருக்கறவங்க யாருக்கும் எனக்கு ஏடிஎச்டினு ரொம்ப நாள் தெரியாது, தெரிஞ்சப்பவும் "ஓ சரி, அந்த வயர புடி"ன்னாங்க.

அதனால உங்கள மாதிரி மூளை உள்ளவங்கள தேடறதுக்கு பதிலா ஞாபகத்தயும் நேரத்தயும் அந்த இடமே சுமக்கற மாதிரி ஒரு வேலைய தேடிப் பாருங்க. பாட்டுக் குழு, ஏதாவது டீம் விளையாட்டு, விலங்கு காப்பகத்துல உதவி, எதுவா வேணா இருக்கட்டும். கை வேலையா இருந்தா வாய் தானா பேசும்.

---

சனிக்கிழமை மேஜை எழுதியது:

திரைக்குப் பின் சொல்றதோட நான் பாதி ஒத்துப்போறேன். பாதி ஏன்னா, டயக்னோசிஸ் புதுசா வந்த சமயத்துல "நீயுமா"னு கேக்க ஒரு ஆள் வேணும், அத நாடகக் குழு தராது.

நான் சின்னதா ஒரு ஏடிஎச்டி பெண்கள் குரூப் நடத்தறேன். நடத்தறேன்னு சொல்றது பெரிய வார்த்தை, ரெண்டு தடவை செத்து பொழைச்ச குரூப். முதல்ல எல்லாரும் ஆரம்பிக்கற மாதிரிதான் ஆரம்பிச்சோம், வாரம் ஒரு தலைப்பு, பதிவேடு, வராதவங்களுக்கு ஏன் வரலனு அன்பா ஒரு மெசேஜ். அந்த அன்பான மெசேஜ்தான் குரூப்ப கொன்னுச்சு. ஒரு வாரம் விட்டவங்க கூச்சத்துல ரெண்டாவது வாரமும் வரல, அப்புறம் வரவே இல்ல.

இப்ப இருக்கற முறை வேற. பாடி டபுளிங்னு கேள்விப்பட்டிருப்பீங்க, இன்னொருத்தர் பக்கத்துல சும்மா இருந்தாலே நமக்கு வேலை ஓடும், ஏன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க, ஆனா ஓடும். சனிக்கிழமை ஒரே நேரம், ஒரே லிங்க், அது மாறவே மாறாது, மாறினா பாதி பேர் தொலைஞ்சுடுவாங்க. உள்ள வந்ததும் என்ன பண்ணப் போறேன்னு ஒரு வரி சொல்லிட்டு மைக்க ஆஃப் பண்ணிடுவோம். கேமராவ முகத்துக்கு வைக்கணும்னு இல்ல, நிறைய பேர் கைய மட்டும் காட்டுவாங்க. ஒருத்தி பழைய பில்ல பிரிச்சுட்டு இருப்பா, ஒருத்தி அலமாரிய கொட்டி தரையெல்லாம் பரப்பி நடுவுல உட்கார்ந்திருப்பா, ஒருத்தி அந்த ஒரே ஒரு ஈமெயில முழு நேரமும் எழுதுவா. கடைசில பத்து நிமிஷம் பேச்சு. அந்த பத்து நிமிஷம் சில நாள் நடு ராத்திரி வரைக்கும் இழுக்கும், அது வேற.

வருகைப் பதிவு கிடையாது. எங்க போயிருந்தேன்னு யாரும் கேக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் பேர் சொல்லணும், ஏன்னா யாருக்கும் யார் பேரும் ஞாபகம் இருக்காது, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. குறுக்க பேசலாம், குறுக்க பேசினவங்க "நீ எங்க விட்ட"னு திருப்பி எடுத்துக் குடுக்கணும். ஞாபகப்படுத்தற மெசேஜ் போடற பொறுப்பு ரெண்டு பேருக்கு, ஒருத்தி மறந்தா இன்னொருத்தி. ரெண்டு பேரும் மறந்த வாரமும் உண்டு, அப்பவும் லிங்க் அதேதானே, பழக்கத்துல நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தாங்க.

பாதிநூல், உங்களுக்கு எழுத்தும் பேச்சும் ஓடலனா இது ஓடலாம், இங்க ரெண்டுமே அதிகம் வேண்டாம்.

---

அடுத்த சீட் எழுதியது:

எனக்கு ஏடிஎச்டி இல்ல, என் காலேஜ் ஃப்ரெண்டுக்கு இருக்கு, அவளுக்காகத்தான் இதெல்லாம் படிக்கறேன். மறுபக்கம் இருக்கறவ ஒரு வார்த்தை சொல்லலாமா?

ஆந்தை அக்கா சொன்ன மன்னிப்பு வேண்டாம் சட்டம் உங்க மூணு பேருக்குள்ள நல்லா இருக்கும், எங்களுக்கு அப்படி இல்லைங்க. என் அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப அவகிட்டேர்ந்து ஒரு பதிலும் வரல. அவளுக்கு நான் முக்கியம் இல்லனு முடிவு பண்ணிட்டேன், வேற என்ன நினைப்பேன்? ரொம்ப நாள் கழிச்சு அவளாவே வந்து ஏடிஎச்டினு சொன்னா, அப்பதான் அந்த ரெண்டு ப்ளூ டிக்குக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுனு புரிஞ்சுது. காரணம் தெரிஞ்சா வலி போயிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா தப்பான காரணத்த நானே கற்பனை பண்ணிட்டு இருக்கறது நின்னுச்சு.

நாங்க இப்ப பண்றது, அவசரம்னா நான் மெசேஜ் போட மாட்டேன், கூப்பிடுவேன். மணி அடிச்சா அவ எடுத்துடுவா, அத அவளால செய்ய முடியும். மத்ததுக்கு ஒரு புள்ளி அனுப்பினா போதும், பார்த்துட்டேன் மனசுல இருக்குனு எடுத்துக்கறேன்.

நீங்க சொன்ன அந்த பாதி மெசேஜ், "நான் இத பத்தி உன்கிட்ட"னு நிக்குதே, அத முடிக்காம அப்படியே அனுப்பிடுங்க. எனக்கு வந்திருந்தா சத்தியமா சந்தோஷப்பட்டிருப்பேன்.

---

ஆந்தை அக்கா எழுதியது:

அடுத்த சீட், நீங்க சொல்றது நியாயம்தான்மா. எங்க சட்டம் எங்களுக்குள்ள மட்டும், வெளிய நான் இன்னும் ஸாரிதான். அந்த புள்ளி ஐடியாவ திருடிக்கறேன்.

---

பாதிநூல் எழுதியது:

சனிக்கிழமை மேஜை, லிங்க் எனக்கு தனியா அனுப்பறீங்களா. வருவேன்னு உறுதியா சொல்ல முடியாது, வந்தா கைய மட்டும் காட்டிட்டு உட்காருவேன். அடுத்த சீட், படிச்சதும் ரெண்டு பேருக்கு பாதி மெசேஜ அப்படியே அனுப்பினேன், ஒருத்தி "உன்கிட்ட...?"னு கேள்விக்குறி போட்டிருக்கா, இனிமே என்ன சொல்ல வந்தேன்னு நான்தான் கண்டுபிடிக்கணும். இன்னொருத்திகிட்டேர்ந்து ஒண்ணும் இல்ல, இன்னும் படிக்கல போல.

பெரிய குரூப்ப விட்டு வெளிய வரல, கேள்விக்குறி சொன்ன மாதிரி எழுதறது பிடிச்ச ஆளுங்கள மட்டும் பார்த்துக்கறேன்.

---

புதுவரவு எழுதியது:

நடுவுல வர்றேன், ஆந்தை அக்கா சொன்ன அந்த பீரியட்ஸ் முந்தின வாரம் எனக்கும் உண்டு, ஏடிஎச்டி மாத்திரை வேலையே செய்யாத மாதிரி இருக்கும். அந்த வாரம் மட்டும் டோஸ் கூட்டிக்கலாமா?

---

மெல்லப் பேசுபவள் எழுதியது:

நீங்களா கூட்டாதீங்க. ஆனா டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க, இது கேக்கக் கூடாத கேள்வி இல்ல. இந்த விஷயத்துல ஆராய்ச்சி இன்னும் கொஞ்சம்தான் நடந்திருக்கு, அதனால எல்லா டாக்டரும் அவங்களா கேக்க மாட்டாங்க. ரெண்டு மூணு சைக்கிளுக்கு தேதி போட்டு, அன்னைக்கு தூக்கம் எப்படி, கவனம் எப்படி, அழுகை வந்துச்சானு ஒரு வரி எழுதிட்டுப் போங்க. எழுத மறந்த நாள விட்டுடுங்க, மிச்ச நாள் எழுதினதே போதும். வேற மாத்திரை, கர்ப்பத்தடை மாத்திரை எது எடுத்தாலும் அதையும் அந்தத் தாள்லயே எழுதிக்கோங்க, உள்ள போனதும் மறந்துடுவோம்.